ரெண்டு முக்கு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் இன்றைக்குப் பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, நான் கொடுக்கும் துணி உறையை ஷூவுக்கு மேல் மாட்டிக்கொண்டு, பூனை மாதிரி நடந்து உள்ளே வருகிறார்கள். தூசி ஆகாத தொழில் என்னுடையது. ஒரு தகரக் கொட்டகை, யாரோ வேண்டாம் என்று தள்ளிவிட்ட இரும்பு டிரம், இந்த இரண்டு கை. இதை வைத்துத்தான் ஆரம்பித்தேன். எவரும் என்னைத் தூக்கிவிடவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை.

ஆனால் இது என்னைப் பற்றியது இல்லை. என் தங்கையின் வீட்டுக்காரரைப் பற்றியது. அவரைத் திருடன் என்று இந்தத் தெருவில் இன்னும் இரண்டொருவர் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் அன்றைக்கு என் பட்டறையில் இல்லை. நான் இருந்தேன்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மனிதர் புரியமாட்டார். இரண்டு பீங்கான் கோப்பைகளை எடுத்து, அடிப்பக்கத்தை ஒன்றோடொன்று தேய்த்துப் பாருங்கள். பல் கூசும். இரண்டும் முரட்டுச் சாதி, ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. என்னிடம் வருவதும் பீங்கான்தான். ஆனால் கோப்பைப் பீங்கான் இல்லை, இரும்பையே கீறிவிடும் பீங்கான். கம்பியாக வரும், அந்தக் கம்பி உள்ளே ஓடுகிற குழலாக வரும். சூடான அறைகளுக்குள் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை அவற்றுக்கு. அங்கே எண்ணெய் போட்டால் கருகிப் புகைந்து சரக்கு முழுவதையும் நாசம் பண்ணிவிடும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் கோப்பை கதைதான். அதற்குத்தான் வெள்ளி.

கம்பிகளை டிரம்முக்குள் வைத்து, உள்ளே இருக்கிற காற்றை பம்ப் வைத்து உறிஞ்சிவிடுவேன். பிறகு கொஞ்சம் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால் ஊதா வெளிச்சம் எழும்பும். அந்த வெளிச்சத்தில் வெள்ளித் தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள் கிளம்பிப்போய்க் கம்பி மேல் உட்காரும். வெள்ளி மெத்தென்ற உலோகம். அது நசுங்கி, இழுபட்டு, வழுக்கிக்கொடுக்கும். பாரத்தைக் கீழே இருக்கிற பீங்கான் தாங்கும்.

ஒன்றே ஒன்றுதான் கவனம். பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும். தலைமுடியைக் குறுக்கே நூறாகப் பிளந்தால் ஒரு பங்கு வருமே, அந்த அளவு. ஈரத் தரையில் கால் வழுக்கும், சேற்றில் கால் புதையும். இரண்டும் தண்ணீரும் மண்ணும்தான். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கம்பி கம்பியாகக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன்.

இனி மாப்பிள்ளை.

அவர் சின்ன வயதிலேயே பாத்திரங்களுக்கு வெள்ளி முலாம் போடும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். தட்டு, கரண்டி, போட்டிகளில் கொடுக்கும் கோப்பை, படச் சட்டம். பித்தளையாக வந்ததை மருந்துத் தொட்டியில் முக்கி வெள்ளியாக வெளியே எடுப்பார். அந்த மருந்தில் ஊறி அவர் விரல் நுனிகள் கறுத்தே இருக்கும். என் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அந்த விரல்களை மடிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. உழைக்கிற கை என்று சொல்லி நான்தான் சம்பந்தத்தை முடித்தேன்.

அந்தக் கடை முதலாளி ஒரு வேலை செய்தான். கனமான பூச்சு என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு, "லேசா ஒரு முக்கு முக்கி எடு போதும்" என்று இவரிடம் சொல்வான். இவரும் செய்தார், சொன்னதைச் செய்கிற வயது. பெரிய விருந்து மண்டபம் ஒன்றுக்குக் கொடுத்த தட்டுகள் ஒரே மழைக்காலத்தில் பல்லைக் காட்டின. மண்டபத்து ஆட்கள் தட்டுகளைக் கடைக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள். முதலாளி யோசிக்கவே இல்லை. அத்தனை பேர் முன்னாலும் இவரை ஓங்கி அறைந்து, "வெள்ளியைச் சுரண்டி வெளியில வித்துட்டான் திருட்டுப் பய" என்றான். இவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் யார் கேட்பது?

தெருவில் அவருக்குச் 'சுரண்டி' என்று பேர் விழுந்தது. என் தங்கை குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும்.

பிறகு வேறொரு கடையில் சேர்ந்தார். அன்றிலிருந்து எந்தப் பொருளாக இருந்தாலும் ஒரு முக்குக்கு இரண்டு முக்கு. சொன்ன அளவுக்கு மேல் ஒரு பங்கு. அந்தக் கடைக்காரர் தங்கமான மனிதர், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வேலை நன்றாக நிற்கிறது என்று ஆட்களும் தேடி வந்தார்கள். 'சுரண்டி' போய் 'ரெண்டு முக்கு' என்று பேர் வந்தது. இந்தப் பேரைக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் டீ ஊற்றினால் டம்ளர் நிறைந்து, தட்டு நிறைந்து, மேசை நனையும். சர்க்கரை அடியில் மணலாக நிற்கும்.

"அண்ணே, உன் மாப்ள சட்டைக்கு நீலம் போட்டா சட்டை வானமாயிடுது" என்பாள் என் தங்கை. "தெரியாம வெளியில காயப்போட்டா குருவி வந்து மோதும்."

"குறைஞ்சுபோச்சுன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாதுல்ல" என்பார் அவர்.

அந்தத் தங்கமான கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டார். தங்கை என்னிடம் வந்து, "அண்ணே, வீட்டுல சும்மா உக்காந்தா மனுஷன் செத்துப்போயிடுவாரு" என்றாள். வெள்ளி தெரிந்த கை, எனக்கும் ஆள் வேண்டியிருந்தது. டிரம்மை அவரிடம் ஒப்படைத்தேன். எத்தனை நேரம் ஓட வேண்டும் என்று டைமரில் வைத்துக் காட்டினேன். எதற்காக மெல்லிசு என்றும் சொன்னேன். ஈரத் தரை, சேறு, எல்லாம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

முதல் கம்பி வெளியே வந்ததும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தில் கீறினார். அடியில் பீங்கானின் வெள்ளை தெரிந்தது.

"மச்சான், இது பூச்சா மூச்சா? கண்ணாடியில வாயால ஊதின மாதிரில்ல இருக்கு."

"அவ்வளவுதான் மாப்ள வேணும்."

"வாங்குறவன் கீறிப் பாத்தா?"

"கீறிப் பாக்கவா வாங்குறான்? ஓட்டிப் பாக்க வாங்குறான்."

"எல்லா முதலாளியும் இப்படித்தான் ஒரு காரணம் வச்சிருப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவில் மாப்பிள்ளை, மச்சான் முறை இருந்தால் இந்த மாதிரிப் பேச்சு வரும் போகும்.

அவர் வந்த பிறகு பட்டறை பளிச்சென்று இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தாலும் அவர் வரமாட்டார். எல்லோரும் பின்னால் போய்ச் சாப்பிடும்போது டிரம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். "பாத்துக்கோ, இவர் மாதிரி உழைக்கணும்" என்று என் மகனிடம் காட்டிப் பேசியிருக்கிறேன். மகன் கல்லூரி முடித்துவிட்டு, சரக்கு வரவு போக்கு பார்க்கிறவன். அவனுக்கு என் பேச்சு எப்போதும் காதுக்குள் போகாது.

ஒரு நாள் காலையில் கண்ணாடிப் புட்டி செய்கிற தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. நாங்கள் பூசிக் கொடுத்த கம்பி ஒன்று குழலுக்குள் இறுகி நின்றுவிட்டது. ஃபிட்டர் ஒருவர் போய் நெம்பியிருக்கிறார். பீங்கான் கம்பி வளையுமா? வெடித்து உடைந்து, ஒரு சில்லு அவர் கண்ணில் பாய்ந்துவிட்டது. கண் போய்விட்டது.

அன்றைக்கே அந்தத் தொழிற்சாலையின் எஞ்சினியர் பெண் வந்தாள். என் மகள் வயது இருக்கும். உடைந்த கம்பியைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். குரல் உயரவில்லை. முகம்தான் தூங்காத முகம்.

"ஐயா, பீங்கான்ல கோளாறா, பூச்சுல கோளாறான்னு தெரியணும். உங்க பக்கம் எதாவது மாத்தினீங்களா?"

"என் பட்டறையில எதுவும் மாறாதும்மா. டைமர் வச்சா வச்சதுதான்" என்றேன். நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற மகன் இருமினான். "அப்பா, ஒண்ணு சொல்லணும். வெள்ளித் தட்டு சீக்கிரம் தேஞ்சுபோகுது. செஞ்ச வேலைக்கும் தேஞ்ச வெள்ளிக்கும் ஒத்துவரல. கொஞ்ச நாளாவே பாக்குறேன்."

"அதுக்கு என்னடா இப்ப?"

"கம்பி மேல வெள்ளி ஏறலன்னா காஞ்சுபோய் இறுகத்தானே செய்யும்? ஏற வேண்டிய வெள்ளி எங்க போச்சு?" சொல்லிவிட்டு டிரம்மின் பக்கம் பார்த்தான். அங்கே மாப்பிள்ளை கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். மகன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "பழைய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாதுல்ல மாமா?" என்றான்.

கம்பி கழுவுகிற பெண்கள், பொட்டலம் கட்டுகிறவர், எல்லோரும் கேட்டார்கள். மாப்பிள்ளையின் முகம் செத்துப்போனது. முன்பு அறை வாங்கியபோது பேசாத வாய் அன்றைக்குத் திறந்தது.

"குறைக்கல மருமகனே. கூட்டினேன்."

"என்னது?"

"எல்லாத்துக்கும் ரெண்டு முக்கு. டைமர் நின்னதும் திறந்து நகத்தால கீறிப் பாப்பேன். வெள்ளை தெரிஞ்சா மூடி மறுபடி ஓட்டுவேன். தெரியாத வரைக்கும் ஓட்டுவேன். சாப்பாட்டு நேரத்துல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க சொன்னதைக் கேக்காம செஞ்சது தப்பு. அதுக்கு என்னை என்ன வேணாச் சொல்லுங்க. ஆனா ஒரு பொட்டு வெள்ளி வெளிய போகல. எடை போடுங்க."

"இப்ப அதுக்கு நேரமா மாப்ள?"

"எடை போடுங்க. எல்லாரும் இருக்கும்போதே போடுங்க."

எஞ்சினியர் பெண்ணும் போடலாம் என்றாள். அனுப்பாமல் அலமாரியில் இருந்த கம்பிகளை மகன் எடுத்து வந்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற நுணுக்கத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தான். பிறகு அமிலத்தில் போட்டு வெள்ளியைக் கரைத்துவிட்டு, கழுவி உலர்த்தி, வெறுங்கம்பியை மறுபடி வைத்தான். டிரம்மின் உட்சுவரில் வெள்ளி படியாமல் இருக்க நாங்கள் சுற்றி வைக்கிற தகடுகளையும் மூலையிலிருந்து எடுத்துக் கரைத்துப் பார்த்தோம். நேரம் பிடித்த வேலை. மாப்பிள்ளை நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஒவ்வொரு எடைக்கும் எட்டிப் பார்த்தார். கழுவுகிற பெண் ஒருத்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள். யாரும் குடிக்கவில்லை.

மகன் நிமிர்ந்தபோது அவன் காது சிவந்திருந்தது. "சரியா இருக்கு" என்றான். "அனுப்பின கம்பிக்கும் இதே கணக்குப் போட்டா, தேஞ்ச வெள்ளி எல்லாம் கம்பியிலயும் தகட்டுலயும்தான் இருக்கு. கம்பியில போட வேண்டியதைப் போல பல மடங்கு இருக்கு. மாமா, மன்னிச்சிடுங்க."

"வெள்ளி சரியா இருக்குல்ல மருமகனே?"

"இருக்கு மாமா."

"நல்லாச் சத்தமாச் சொல்லு. அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அவன் சத்தமாகச் சொன்னான். மாப்பிள்ளை அப்போது சிரித்தார் பாருங்கள், கல்யாணத்தில் கூட அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தோள் இறங்கியது. எத்தனையோ காலமாகத் தூக்கிக்கொண்டு நின்ற மூட்டையைக் கீழே வைத்தவர் மாதிரி ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் விளங்கிவிட்டது. அவள் உடைந்த கம்பியை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெள்ளி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. திறந்து காற்றுப் பட்டு, கை பட்டு, அதற்கு மேல் பூசினால் மேல் தோல் கீழ்த் தோலைப் பிடிக்காது. அது கழன்று, சுருண்டு, உருண்டையாகக் குவிந்து, கம்பிக்கும் குழலுக்கும் நடுவில் இருந்த இம்மியளவு இடத்தை அடைத்திருந்தது.

"என்னம்மா தெரியுது?" என்று மாப்பிள்ளை பக்கத்தில் வந்து கேட்டார். பிழைத்துவிட்ட தைரியம் குரலில் இருந்தது. "பீங்கான்தானே மட்டம்?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு நாக்கு எழும்பவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன், கோட்டுப் போட்டவர்களை எல்லாம் வாயடைக்க வைத்திருக்கிறேன்.

"பீங்கான் நல்லாத்தான் இருக்குங்க" என்றாள் அவள் மெதுவாக. "வெள்ளி அளவோட இருந்திருந்தா கம்பி ஓடியிருக்கும்."

"கூட இருந்தா கெடுதலாம்மா?"

அவள் உடைந்த கம்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் என் பக்கம் திரும்பினார். "மச்சான்?"

"நான் சொன்னேனே மாப்ள, ஈரத் தரை..."

"ஆமா. சேறுன்னு சொன்னீங்க." கம்பித் துண்டைக் கையில் எடுத்தார். வால்பக்கத்தில் அவருடைய நகக் கீறல் இருந்தது. கறுத்த விரலால் அதைத் தடவினார். "அப்ப நான் சேறு பூசியிருக்கேன்."

துண்டைத் துணி மேல் திருப்பி வைத்தார்.

"அந்தத் தம்பிக்கு எந்தக் கண்ணு?" என்று அவளிடம் கேட்டார்.

"இடது கண்ணுங்க."

கையுறையைக் கழற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து டிரம் மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நான் ஆள் அனுப்பினேன், மகனை அனுப்பினேன், நானே போனேன். கழுவுகிற வேலையாவது செய்யுங்கள் மாப்பிள்ளை என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். நான் யாரிடமும் எதற்கும் கெஞ்சினவன் இல்லை.

ஃபிட்டர் விஷயத்தில் செய்ய வேண்டியதை நான் செய்தேன். அதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. மாப்பிள்ளையும் அவரைப் பார்க்கப் போயிருக்கிறார். கூடப் போன என் தங்கைதான் பிறகு எனக்குச் சொன்னாள். கட்டிலில் ஒரு பக்கம் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆள், "நீங்க யாருங்க?" என்று கேட்டாராம்.

"அந்தக் கம்பிக்குப் பூச்சுப் போட்டவன்."

"நல்லாப் போட்டிருக்கக் கூடாதா அண்ணே?"

"நல்லாத்தான் போட்டேன் தம்பி" என்று இவர் சொல்லியிருக்கிறார். அந்த ஆளின் மனைவி, "வெளிய போங்க" என்று எழுந்து நின்றிருக்கிறாள். இருவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

தெரு எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். வேலையை விட்டு நின்றார், பட்டறையில் வெள்ளி எடை போட்டார்கள், இந்த இரண்டும் வெளியே போனது. எடை சரியாக இருந்தது என்பது போகவில்லை. 'ரெண்டு முக்கு' மறைந்து 'சுரண்டி' மறுபடி வந்துவிட்டது. நான் கடைத்தெருவில் நின்று சொல்லிப் பார்த்தேன். "சொந்தக்காரரை விட்டுக்கொடுப்பீங்களா?" என்று என்னையே கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். சரி, திருடவில்லை என்றால் என்ன செய்தார் என்று கேட்டால், அதற்கு நான் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அவர் தலையில்தான் விழுகிறது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒற்றை ஜன்னல் வைத்த முன்னறை. சுவரில் அவர் முலாம் போட்ட படச் சட்டம் ஒன்று தொங்குகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது மங்கவில்லை. அதைக் கழற்றி வைக்கச் சொல்கிறாராம், தங்கை மறுக்கிறாள்.

"டீ போட்டுத் தரேன் மச்சான்" என்று எழுந்தார்.

"நான் போடுறேன், நீங்க உக்காருங்க" என்றாள் தங்கை.

"இருக்கட்டும்."

அடுப்படியிலிருந்து தங்கை என்னிடம் வந்து குனிந்து, "அண்ணே, ஒண்ணும் சொல்லாம குடிச்சிடு. பேத்திக்குப் பால் ஊத்தும்போதும் இப்படித்தான். அந்தப் பிள்ளை இன்னும் வேணும்னு கேட்டு அழுவுது" என்றாள்.

அவர் டம்ளரை மேசை மேல் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்தி, சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அடியை மூடி, கால் பாகம் வந்ததும் நிறுத்திவிட்டார். ஊற்றின பாத்திரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"போதுமா மச்சான்? கூட ஆகலையே?"

"போதும் மாப்ள. சரியா இருக்கு" என்றேன்.

சர்க்கரையே இல்லை. குடித்தேன்.